எடுத்துச் செல்லும் வைஸ்

எங்கள் வீட்டில் முதல் வைஸ் நான்தான்.

வைஸ் என்றால் பலகையை அசையாமல் கவ்விப் பிடிக்கிற கருவி. இரண்டு தாடை, இடையில் திருகு. என் வீட்டுக்காரரிடம் அது இல்லை. அதனால் பலகையை நாற்காலியில் பின்பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கும்படி வைத்து, அதன்மேல் என்னை உட்காரவைத்தார். "நல்லா அழுத்தி உக்காரு, அசையாத" என்று சொல்லிவிட்டுப் பின்னால் முட்டி போட்டு ரம்பத்தை இழுத்தார். நான் மின்சார அலுவலகத்தில் புகார் வாங்கும் கவுண்டரில் இருப்பவள். நாள் முழுக்க ஊரார் கத்துவதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்குக் கிடைத்த பதவி இது. ஒரு தடவை தும்மிவிட்டேன். ரம்பம் கோட்டை விட்டு விலகி ஓடியது. "தும்மலைக்கூட அடக்க முடியாதா உன்னால?" என்றார். அன்றோடு ராஜினாமா செய்துவிட்டேன்.

அவருக்குப் பல்செட் செய்கிற வேலை. பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் பல்லாக நட்டு, கடித்துப் பார்த்துச் சரிசெய்து திருப்பி அனுப்புவார். ஊரில் பாதிப் பேர் இவர் செய்த சிரிப்பைத்தான் சிரிக்கிறார்கள். இப்படி நாள் முழுக்கத் தாடைகளோடு குடித்தனம் நடத்துகிற மனிதர், சாயங்காலம் வீட்டுக்கு வந்து இன்னொரு தாடை செய்யப்போகிறேன் என்றால் கட்டியவளுக்கு எப்படி இருக்கும்?

எல்லாம் அந்தப் போனால் வந்த வினை. அதில் ஒரு வீடியோவில் யாரோ ஒருவர் ஆணி இல்லாமல், திருகு இல்லாமல் இரண்டு பலகைகளைக் கோத்துக் காட்டியிருந்தார். ஒரு பலகையின் ஓரத்தில் புறா வால் விரித்தது போலப் பற்கள், மற்றதில் அதற்கு ஏற்ற பள்ளங்கள். தட்டினால் உள்ளே போகும், இழுத்தால் வராது. எல்லாம் கையாலேயே வெட்டியது. "பல்லுதானே! பல்லுன்னா எனக்குத் தெரியாதா?" என்று கிளம்பிவிட்டார். ரம்பம் வந்தது, உளி வந்தது, உளியைத் தட்ட மரத்தில் கொட்டாப்புளி வந்தது. பலகையைச் செங்குத்தாகப் பிடிக்கத்தான் ஒன்றுமில்லை. நானும் ராஜினாமா செய்தபின் முட்டிகளுக்கு நடுவே வைத்து வெட்டிப் பார்த்தார். ஒரு நல்ல கால்சட்டை போயிற்று.

தச்சர்களுக்குப் பெரிய பட்டறை மேசை இருக்கும், அதிலேயே வைஸ் மாட்டியிருக்கும். எங்கள் வீட்டில் கனமான மேசை ஒன்றே ஒன்றுதான். அது எங்களுடையது இல்லை.

அது அண்ணியுடையது. அண்ணி என்றால் இவருடைய அக்கா. சின்ன வயதிலேயே அம்மா போய்விட, இவரை வளர்த்தது அண்ணிதான். சிறிய வீடு ஒன்றுக்கு மாறியபோது, தன் முதல் சம்பளத்தில் வாங்கிய மேசையை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். "ஒரே பலகை. ஒட்டுக் கிடையாது. தேக்கு" என்று அண்ணி சொல்லும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் மேசையை ஒரு தட்டு தட்டுவார். கூடவே சட்டதிட்டமும் வந்தது. மேலே இரண்டு துணி விரிக்க வேண்டும். தண்ணீர் சிந்தக் கூடாது. சூடான பாத்திரம் வைக்கவே கூடாது. அண்ணி எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்கும் கேள்வி, "சூடு ஏதும் வைக்கலையே?" என்பதுதான். பல வருஷமாக அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தரையில் வைத்துக் குனிந்து குனிந்து பரிமாறி, என் இடுப்பு அந்த மேசைமேல் தனியாக ஒரு புகார் எழுதி வைத்திருக்கிறது.

"அந்த மேசையிலயா வெட்டப்போறீங்க?" என்றேன்.

"மேசையை யாரு தொடறா? எடுத்துட்டுப் போற வைஸ்! மேசை மேல உக்காரும், ரெண்டு கிளாம்ப் போட்டுப் பிடிக்கும். வேலை முடிஞ்சா கழட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம். ஒரு கீறல் விழாது. அக்காவுக்குத் தெரியவே தெரியாது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். தலை நரைத்துவிட்டது, அக்கா பயம் மட்டும் போகவில்லை.

வேலை என்னவோ சுத்தமான வேலைதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பின்தாடைக்கு இரண்டு பலகைகளை ஒன்றாக ஒட்டிக் கனமாக்கினார். முன்தாடைக்கு ஒரு பலகை. இரண்டையும் துளைத்து நீளமான இரண்டு போல்ட்டுகளைச் செலுத்தினார். நட்டு சுற்றாமல் இருக்கப் பின்தாடையில் ஆறு முகமாகப் பள்ளம் தோண்டி அதை உள்ளேயே பதித்தார். அதற்குப் பல் செதுக்கும் சின்னக் கருவிகள்தான். திருகுவதற்குப் பழைய தண்ணீர்க் குழாய்களின் வட்டக் கைப்பிடிகள். தாடைக்கு உட்புறம் தோல் ஒட்டினால் பலகை வழுக்காதாம். தோல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அலமாரியில் என் பழைய கைப்பையின் வார் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

பாக்கி இருந்தது பாதம் மட்டும். பின்தாடை சாயாமல் நிற்க, அதன் அடியில் மேசைமேல் படிகிற மாதிரி ஒரு பலகை ஒட்ட வேண்டும். பாதம் வளைந்துவிடக் கூடாது என்று, வைஸை மேசைமேலேயே உட்காரவைத்து, பசை போட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கினார். துணிகளை எடுத்துவிட்டுத்தான். பசை வழிந்தால் மேசையில் ஒட்டுமே என்று நான் கேட்டதற்கு ஒரு சிரிப்புச் சிரித்தார். "எங்க லேப்ல பிளாஸ்டர் மேல பிளாஸ்டர் ஊத்துறோம், ஒட்டுதா? நடுவுல வாசலின் தடவிடுவோம். அதெல்லாம் தொழில் ரகசியம்." குளியலறையிலிருந்து வாசலின் டப்பாவை எடுத்துவந்து, அண்ணியின் மேசையில் தாராளமாகப் பூசினார். எனக்கு அடுப்பில் வேலை இருந்தது. எந்த டப்பா என்று எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கிளாம்ப்புகளைக் கழற்றினார். வைஸை எடுத்தார். வரவில்லை. இழுத்தார். வைஸோடு மேசையும் நகர்ந்தது.

"ஏய், இங்க வா" என்ற குரலிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்தது. போய்ப் பார்த்தேன். டப்பாவைக் கையில் எடுத்து மோந்து பார்த்தேன். அது நான் முகத்துக்குப் போடுகிற, தடவினால் ஊறிப்போகிற கிரீம். நம் வீடுகளில் எந்த டப்பாவில் அதன்மேல் எழுதியிருப்பது இருந்திருக்கிறது? பிஸ்கட் டப்பாவில் ஊசிநூல், ஐஸ்கிரீம் டப்பாவில் மிளகாய்த்தூள். வாசலின் தீர்ந்துபோன டப்பாவில் கிரீம் இருப்பதில் என்ன அதிசயம்? இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவருக்கு அது தெரிய வேண்டாமா?

"வாசலின்னு எழுதியிருக்கே!" என்றார் பரிதாபமாக.

"உங்க சட்டையில விளையாட்டு வீரன்னு எழுதியிருக்கு. அதுக்கென்ன பண்றது?"

மேசைக்கு முகம் மினுமினுவென்று இருந்தது. வைஸ் அதன்மேல் பிறந்ததிலிருந்தே அங்கே இருப்பதைப் போல நின்றது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அண்ணி.

அண்ணியின் பையனுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்ணின் அப்பா மரக்கடைக்காரர். அண்ணி வாய் ஓயாமல் சொன்ன ஒரே பலகைத் தேக்கை அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம், தானே மெருகு போட்டுப் பிள்ளைகளின் புது வீட்டில் போடுகிறேன் என்று பிடிவாதமாம். "ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வரோம்டா தம்பி" என்றார் அண்ணி. குரலில் வழக்கமான மிடுக்கு இல்லை. இவர் இருந்த நிலையில் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

போனை வைத்துவிட்டு இவர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்லிய கம்பி ஒன்றைக் கொண்டுவந்து பாதத்துக்கு அடியில் நுழைத்து, முன்னும் பின்னும் ரம்பம் போல இழுத்தார். பல்செட்டை அச்சிலிருந்து பிரிக்கிற அதே பொறுமை. வெள்ளிக்கிழமைக்குள் பாதிப் பசை அறுந்துவிட்டது. பின்விளிம்பு மட்டும் விடுவேனா என்றது. அவசரத்தில் ஒரு உளியைக் கொடுத்து மூலையை நெம்பினார்.

சரக்கென்று சத்தம். மூலை கொஞ்சம் எழும்பியது. அதோடு மேசையிலிருந்து நாக்கு நீளத்துக்குத் தேக்கும் உரிந்து வந்தது. காகிதம் போன்ற தேக்கு. அடியில் மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை, தவிடு நிறத்தில் எங்களைப் பார்த்தது.

நான் சிரித்தேன். சும்மா இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஒரே பலகை! ஒட்டுக் கிடையாது! இந்தத் தூளுக்காகவா நான் இத்தனை வருஷம் தரையில் குனிந்தேன்? விளிம்பைச் சுற்றி மட்டும் நிஜத் தேக்குப் பட்டை, அடியில் கெட்டியாக வண்ணம். யாருக்குத் தெரியும்?

அவர் சிரிக்கவில்லை. அந்த உரிந்த நாக்கை விரலால் மெதுவாகத் திரும்ப ஒட்டவைக்கப் பார்த்தார்.

"அக்காவை எவனோ நல்லா ஏமாத்திட்டான்" என்றார். "முதல் சம்பளம். பாவம், இன்னிக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது."

"தெரியாதா?"

"எப்படித் தெரியும்? இந்த மேசையிலதான் உக்காத்தி எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தா. ராஜா மேசைடா, இதுல உக்காந்து படிச்சா பெரிய ஆளாயிடுவன்னு சொல்வா. இதை அவ பார்த்தா நெஞ்சு உடைஞ்சிடும். அந்த மரக்கடைக்காரர் முன்னாடி வேற." கண் கலங்கியிருந்தது. "வைஸ் போனா போகுது. திட்டினா திட்டட்டும். இது மட்டும் அவ கண்ணுல படக் கூடாது."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் அண்ணிமேல் கோபம் நிற்கவில்லை. தெரியாமலா இருக்கும் அண்ணிக்கு? புகார் கவுண்டரில் உட்கார்ந்தவளிடமே கதையா?

ஞாயிற்றுக்கிழமை காலை மேசைக்குப் படுக்கை விரிப்பைப் போர்த்தினோம். நடுவில் வைஸ் புடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் தலையணை வைத்துப் பார்த்தார், இன்னும் மோசமாகத் தெரிந்தது. அண்ணி தனியாகத்தான் மாடி ஏறி வந்தார். பையன் கீழே வண்டிக்காரரோடு நின்றான். செருப்பைக் கழற்றினார். வழக்கமான கேள்வி வரவில்லை. மேசையைப் பார்த்தார்.

"என்னடா, மேசைக்குக் காய்ச்சலா? போர்த்தி வச்சிருக்க?"

"தூசிக்கா."

"தூசிக்குக் கூன் விழுமா?"

இவர் என்னைப் பார்த்தார். காப்பாற்று என்ற பார்வை. நான் உண்மையைச் சொல்லியே உதவினேன். "அது அவர் செஞ்ச தாடை, அண்ணி."

"தாடையா? இவ்ளோ பெரிசா? யாருக்கு?"

"சில பேருக்கு வாய் பெரிசா இருக்கும், அண்ணி."

அண்ணி என்னை ஒரு முறை முறைத்துவிட்டு விரிப்பை உருவினார். வைஸ் நின்றது, தோல் வைத்த தாடையும் குழாய்க் கைப்பிடியுமாக. அதன் பின்மூலையில் உரிந்த இடம் பளிச்சென்று தெரிந்தது.

என் வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. நிஜமாகவே திடுக்கிட்டவர்கள் பொருளைப் பார்ப்பார்கள். முன்பே தெரிந்தவர்கள், வேறு யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அண்ணி தூளைப் பார்க்கவே இல்லை. தம்பியைப் பார்த்தார். அண்ணியின் கை விருட்டென்று அந்த இடத்துக்குப் போனது. ஆனால் அதற்குள் இவருடைய கை அங்கே போயிருந்தது. தம்பியின் கை கிழிசல்மேல், அக்காவின் கை தம்பியின் கைமேல். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் திருட்டு முழி முழித்தார்கள். அவளுக்குத் தெரியக் கூடாது என்று இவர், இவனுக்குத் தெரியக் கூடாது என்று அவர். இருவரும் கையை எடுப்பதாக இல்லை.

படியேறி வந்த பையன் வாசலிலேயே நின்றான். "என்னம்மா, மாமாவும் நீயும் சத்தியம் பண்றீங்களா?"

"மேசை இங்கயே இருக்கட்டும்டா" என்றார் அண்ணி. "பாரு, மாமா ஏதோ கருவி ஒட்டி வச்சிருக்கான். வேலைக்கு வேணும் அவனுக்கு. உன் மாமனார்கிட்ட நான் சொல்லிக்கிறேன். வண்டியைத் திருப்பி அனுப்பு."

பையன் தோளைக் குலுக்கிவிட்டுக் கீழே போனான். இவருக்கு முகம் பூத்துவிட்டது. "பாத்தியா, எனக்காக விட்டுக் குடுத்துட்டா!" என்று என்னிடம் கண்ணாலேயே சொன்னார். அண்ணி பெருமூச்சு விட்டது இவருக்குப் பாசமாகத் தெரிந்தது. எனக்குத் தப்பித்த மூச்சாகத் தெரிந்தது.

"அண்ணி, கொஞ்சம் கிச்சனுக்கு வாங்க" என்றேன்.

அடுப்பில் கனத்த இரும்புச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணி வந்து நின்றார். அவ்வளவு சின்னதாக அவரை நான் பார்த்ததில்லை.

"அவனுக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றார்.

"அடியில தூள்னு தெரியும். ஆனா உங்களைக் கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நினைச்சுட்டு இருக்கார். நீங்க பாத்தா உங்க நெஞ்சு உடைஞ்சிடுமாம். அதான் கையை எடுக்க மாட்டேங்கறார்."

அண்ணி அடுப்பின் தீயைக் கொஞ்சம் குறைத்தார்.

"அப்ப என்கிட்ட அவ்வளவுதான் இருந்துச்சு" என்றார் பிறகு. "பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தேக்கு மேசை இருக்கு, எனக்கும் வேணும், இல்லைன்னா படிக்க மாட்டேன்னு அழுதான். தேக்குன்னு சொன்னேன். அன்னிக்கு நைட்டு அது மேலயே படுத்துத் தூங்கினான். அவன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். அப்புறம் நானும் சொல்லாம என்ன பண்றது?"

"சரி. என்னை ஏன் இத்தனை வருஷம் தரையில குனிய வச்சீங்க?"

"சூடு பட்டா மேல இருக்கறது உப்பிக்கும். உப்பினா தெரிஞ்சிடுமே!"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு பொடியன் மேசைமேல் சுருண்டு தூங்குவதுதான் கண்முன் வந்தது. ஆனாலும் இடுப்பு என்னுடையது. அதை அப்படியே விட்டுவிட முடியுமா?

"அவர் நினைக்கறதையே நினைச்சுட்டு இருக்கட்டும், அண்ணி. நான் வாயே திறக்க மாட்டேன்" என்றேன். சட்டியின் காதுகளைத் துணியால் பிடித்துத் தூக்கினேன். "இப்ப சொல்லுங்க. இதை எங்க வைக்கட்டும்?"

அண்ணி சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன் மேசை" என்றார். "எங்க வேணா வை."

இவர் இன்னும் அதே இடத்தில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். "கையை எடுங்க" என்றேன். பயந்துபோய் அக்காவைப் பார்த்தார். அண்ணி உடனே ஜன்னல் பக்கம் திரும்பி வண்டியைப் பார்த்தார். இவர் கையை எடுத்தார். நான் சட்டியைக் கிழிசல்மேலேயே, வைஸின் பின்விளிம்பை ஒட்டி, வெறும் மேசையில் நங்கென்று வைத்தேன். அந்தச் சத்தம் என் காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்று சொல்லி மாளாது. பையனும் திரும்பி வந்து உட்கார்ந்தான். முதல் தடவையாக நிமிர்ந்து நின்று பரிமாறினேன்.

பாதிச் சாப்பாட்டில் மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. இவர் கையை உதறிவிட்டு வைஸைத் தொட்டார். ஆடியது. தூக்கினார். குழந்தையைத் தூக்குவது போலக் கையோடு வந்துவிட்டது.

"இளகிடுச்சு! மெழுகு மாதிரி இளகிடுச்சு!" என்று எழுந்து நின்று கத்தினார். "பசைக்குச் சூடு ஆகாது! சே, முதல்லயே ஒரு சூடான பாத்திரத்தை வச்சிருந்தா..."

"வைக்க விட்டீங்களா?" என்றேன்.

"அப்ப வைஸ் கழண்டிருச்சு இல்ல?" என்றான் பையன், வாயில் சோற்றோடு. "வண்டிக்காரர் தெருமுனையிலதான் இருப்பார். கூப்பிடவா? மேசையை எடுத்துட்டே போயிடலாம்."

"வேண்டாம்!" என்றோம் மூன்று பேரும் ஒரே நேரத்தில். பையன் பயந்து தண்ணீரைக் குடித்தான்.

வைஸை மடியில் வைத்துக்கொண்டே இவர் என் காதருகே குனிந்தார். முகமெல்லாம் வெற்றி. "நல்லவேளை, அக்கா கவனிக்கல."

"ஆமாங்க, கவனிக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டு, அண்ணியின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டேன்.